உன் நம்பரை ஏன் எடுக்கப் போனேன்

என் செல்ல வாண்டுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அதைச் சாப்பாட்டில் மட்டும் காட்டாதே. அன்றைக்கு நீ கூப்பிட்டபோது நான் கடைக்குள் நின்றுகொண்டிருந்தேன், முன்னாலும் பின்னாலும் ஆட்கள், என்னால் எதையும் விளக்கிச் சொல்ல முடியவில்லை, நீயும் "சரிம்மா, வெக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். அந்தக் குரலை நான் உன்னிடம் கேட்டதே இல்லை. சண்டை போட்டாலும் கத்துவாய், கதவைச் சாத்துவாய், இப்படி அமைதியாக வைக்க மாட்டாய். அப்புறம் நானும் கூப்பிட்டுப் பார்த்தேன், நீ ரயிலில் ஏறியிருப்பாய், வண்டி ஓட்டுகிறவர்கள் போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பதுதான் உங்கள் டிப்போ சட்டமாயிற்றே. அதனால் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்துவிட்டேன். வங்கிக் கணக்கிலிருந்து உன் நம்பரை நான் ஏன் எடுக்கப் போனேன் என்று முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு நீ திட்டுவதென்றால் திட்டிக்கொள். அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "கடுதாசியா? அது போய்ச் சேர்றதுக்குள்ள அவளுக்குக் கோபமே மறந்து போயிருக்கும்" என்கிறார். மறந்து போனால் நல்லதுதானே.

நீ ரயில் ஓட்டுகிற வேலைக்குக் கிளம்பிப் போன வாரத்தில்தான் எங்களுக்கு இந்த நெட் பேங்கிங்கைப் போட்டுக் கொடுத்தாய். அப்போது என்னிடம் இருந்தது பட்டன் போன், மெசேஜ் பெட்டி நிறைந்து வழிந்து புதிதாக ஒன்றும் உள்ளே நுழையாது. உன் அப்பாவோ போனைப் பேருந்து சீட்டில் வைத்துவிட்டுக் குடையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவருகிற மகராசன். நீ தலையில் அடித்துக்கொண்டு, "இப்போதைக்கு என் நம்பர் இருக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்" என்றாய். அந்த அப்புறம் வரவே இல்லை. மின்சாரக் கட்டணமோ தண்ணீர்க் கட்டணமோ அப்பாவின் மூக்குக்கண்ணாடியோ, எதற்கு நான் இங்கே கம்ப்யூட்டரில் பணம் கட்ட உட்கார்ந்தாலும் அந்த ஓ.டி.பி. எண் உன் போனில் போய்த்தான் விழும். உடனே நான் உன்னைக் கூப்பிட வேண்டும், நீ படித்துச் சொல்ல வேண்டும், திரையில் ஒரு கடிகாரம் தலைகீழாக ஓடிக்கொண்டிருக்கும், அது முடிவதற்குள் நான் தட்டிவிட வேண்டும். நீ இரண்டு இரண்டாகச் சொல்வாய், நான் இரண்டு இரண்டாகத் திருப்பிச் சொல்வேன், "சரி" என்பாய், "சரி, வை" என்பேன், முடிந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து எனக்குப் பழகியது அப்படி. நம்பரைக் கேள், திருப்பிச் சொல்லிச் சரிபார், இணைத்துவிடு, காதை எடுத்துவிடு, அடுத்தவர்கள் பேச்சில் நிற்காதே. வேலையை விட்டு எத்தனையோ காலமாகியும் கை தானாக லைனை வெட்டிவிடுகிறது. அப்பா உள்ளேயிருந்து "என்ன பேசினா?" என்று கேட்பார். "ஆறு நம்பர் பேசினா" என்பேன். "நல்லா இருக்காளாமா?" என்பார். "கடைசி நம்பர் நல்லாத்தான் கேட்டுச்சு" என்பேன். நாங்கள் இருவரும் சிரித்துக்கொள்வோம். ஆனால் ஒன்று சொல்கிறேன், நீ சிரிக்காதே. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்டி முடித்துவிடலாம், நான் இன்றைக்கு மின்சாரம், நாளைக்குத் தண்ணீர், மறுநாள் போன் பில் என்று பிரித்து வைத்துத்தான் கட்டுவேன். அந்தச் சாக்கில் உன் குரல் வரும் அல்லவா. குரல் வந்ததும் கடிகாரம் ஓடுகிறதே என்று பறக்கவும் செய்வேன். என்ன பெண்பிள்ளையோ நான்.

அப்புறம்தான் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. வங்கியின் பக்கத்தைத் திறந்தால் சிவப்பாக ஒரு முக்கோணம் போட்டு, இது பாதுகாப்பான இடமில்லை, திரும்பிப் போ என்று விரட்டியது. யாரோ நம் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். உன்னைக் கூப்பிட்டேன். நீ தூக்கக் கலக்கத்தில், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா" என்றாய். உன் அப்பா அந்த ரவுட்டர் பதவியைத் தானாகவே ஏற்றுக்கொண்டார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து நின்று, "அணைக்கிறேன்" என்று அறிவித்து அணைப்பார், "போடுறேன்" என்று அறிவித்துப் போடுவார், பெரிய அணையைத் திறந்துவிடுகிற மந்திரி மாதிரி. ஒன்றும் நடக்கவில்லை. நான் மறுபடி உன்னைக் கூப்பிட்டேன், நீ மறுபடி எழுந்தாய், வேறொன்று சொன்னாய், அதுவும் ஆகவில்லை. அந்த வாரம் முழுக்க இதே கூத்து. கடைசியில் தெருக்கோடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரைக் கூட்டி வந்தோம். அப்பா அவருக்கு டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார், எதைக் கொண்டுபோனாலும் "ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும்" என்று படுக்க வைத்துவிடுவாராம். டாக்டர் வந்து நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, திரையின் கீழ் மூலையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உங்க கம்ப்யூட்டர் இன்னும் வாங்கின வருஷத்துலயே இருக்கு" என்றார். உள்ளே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கிறதாம், அது செத்துவிட்டால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிடுமாம், தேதி தப்பாக இருந்தால் வங்கி நம்மை நம்பாதாம். நான் குனிந்து அந்தத் தேதியைப் பார்த்தேன் வாண்டு. அது நீ வீட்டில் இருந்த வருஷம். இதே மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்து, மவுஸை அப்பாவிடம் தரமாட்டேன் என்று முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொள்வாயே, அந்த வருஷம். டாக்டர் புது பேட்டரியைப் போட்டுவிட்டுத் தேதியை மாற்றப் போனார். "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். அப்பா புரிந்துகொண்டு, "டீ போட்டிருக்கு, குடிச்சிட்டு மாத்தட்டும்" என்று அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவர் வந்து இந்த வருஷத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கம்ப்யூட்டர் சரியான சந்தோஷத்தில் அன்றைக்கே ஒரு பில்லைக் கட்ட உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டேன். எடுத்தது நீ இல்லை, உன் அறைத்தோழி. ரொம்ப மெதுவாகப் பேசினாள். "ஆன்ட்டி, அவ இப்பதான் படுத்தா. நம்பர்தானே வேணும், நானே பாத்துச் சொல்றேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "இந்நேரத்துக்கா படுக்கிறா?" என்றேன். அப்போதுதான் அந்தப் பெண் சொன்னாள். நீ இருட்டோடு எழுந்து போகிற ஷிஃப்டாம், பகலில்தான் தூக்கமாம், போனைச் சத்தமாக வைத்துத் தலையணைக்கு அடியில் போட்டுக்கொண்டுதான் படுப்பாயாம். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால், "அம்மா பாதி வழியில நின்னுட்டிருப்பாங்க, நம்பர் சொல்லலேன்னா திண்டாடுவாங்க" என்கிறாயாம். அதோடு விட்டாளா, இல்லை. நான் ரவுட்டரைப் போட்டு அணைத்து உன்னை எழுப்பிக்கொண்டிருந்த அதே வாரத்தில், டிப்போவில் உன் கண் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு மேலதிகாரி உனக்கு வண்டி தராமல் உட்கார வைத்துவிட்டாராம். இன்னொரு தடவை இப்படி வந்தால் எழுத்தில் புகார் போகும் என்றாராம். நீ இதை என்னிடம் சொல்லவே இல்லை. உன் தோழியின் மேல் கோபித்துக்கொள்ளாதே, நல்ல பெண், என்னிடம் சொல்லிவிட்டு, "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க ஆன்ட்டி" என்று கெஞ்சினாள், நான் பார் உடனே எழுதிவிட்டேன். உனக்குப் பின்னால் அந்த ரயிலில் எத்தனை பேர் உட்கார்ந்து வேலைக்கும் வீட்டுக்கும் போகிறார்கள், எல்லோருக்கும் முன்னால் என் பெண் தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருக்கிறாள், அதுவும் தண்ணீர் பில்லுக்காக. அவள் நம்பரைச் சொன்னாள். நான் தட்டவில்லை. கடிகாரம் ஓடி நின்றுவிட்டது, திரை வெளுத்துப் போனது. அப்பா வந்து பார்த்துவிட்டு, "மறுபடியும் போயிடுச்சா? ரவுட்டரை அணைக்கவா?" என்றார். "உங்க ரவுட்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று பாவம் அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் போய்ச் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார். "வங்கிக்குப் போய் நம்பரை மாத்திட்டு வந்துடலாம், உன் போன்தான் இப்ப நல்லா இருக்கே" என்றார். போனிலேயே மாற்றலாம் என்று யாரோ சொன்னார்கள் என்று நான் முதலில் வங்கியின் ஆப்பைத் திறந்தேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க் கடைசிப் பக்கத்தில், நம்பரை மாற்றுவதற்கு ஓ.டி.பி. அனுப்புகிறோம் என்று போட்டிருந்தது. எந்த நம்பருக்கு? உன் நம்பருக்கு! உன்னை எழுப்பாமல் இருப்பதற்கே உன்னை எழுப்ப வேண்டுமாம். நல்லவேளை, அழுத்துவதற்கு முன்னால் பார்த்தேன். அதனால் இருவரும் நேரில் போனோம். நம்பர் மாற்றும் மேசையில் இருந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்கள் அடையாள அட்டையைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "இப்ப இருக்கிற நம்பர் யாரோடது?" என்றார். மகளுடையது என்றேன். "கூடத்தான் இருக்காங்களா?" இல்லை என்றேன். "எப்ப வருவாங்க?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், விண்ணப்பத்தில் ஏதோ கட்டம் இருந்திருக்கும். அப்பா கவுண்டரின் மரவிளிம்பைத் தடவிக்கொண்டே, "வருவா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு அதற்கு மேல் கேட்கவில்லை. "பழைய நம்பருக்கு ஒரு தகவல் போகும், அவங்க ஒண்ணும் பண்ணாம விட்டாப் போதும், தானா மாறிடும்" என்றார். தகவல் என்றால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ போகும், உன் ஓய்வு நாளில் நானே கூப்பிட்டு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் நினைத்துவிட்டேன். நாங்கள் வங்கிப் படியை விட்டு இறங்குவதற்குள் அது உன் தலையணைக்கு அடியில் போய் அலறும் என்று எனக்குத் தெரியுமா?

வருகிற வழியில் கடைக்குள் நுழைந்தோம். சோப்பு, ரொட்டி, அப்பாவுக்குச் சவர பிளேடு, ஒரு பல்பு. பணம் கட்டுகிற இடத்தில் அட்டையைத் தேய்த்தால் ஏற்கவில்லை. மறுபடி தேய்த்தாலும் ஏற்கவில்லை. பின்னால் நின்ற ஆள் உச்சுக்கொட்டினார். அப்பா முகம் சிவந்துபோய், எடுத்த பொருளையெல்லாம் எடுத்த எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கிறேன் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார், பல்பைக் கொண்டுபோய் பிஸ்கட்டுகளுக்கு நடுவில் வைக்கிறார். அந்த நேரத்தில்தான் நீ கூப்பிட்டாய். மூச்சு வாங்குகிறது உனக்கு. "அம்மா, யாரோ நம்ம கணக்குல நம்பரை மாத்தப் பாத்தாங்க, நான் வேணாம்னு பதில் போட்டுக் கணக்கையே நிறுத்திட்டேன், நீ பயப்படாதே" என்றாய். தூக்கத்திலிருந்து எழுந்த குரலிலும் என்ன பெருமை உனக்கு, திருடனைப் பிடித்த மாதிரி. நான் என்ன சொல்ல? "திருடனும் இல்லை ஒண்ணும் இல்லை, நான்தான்டி மாத்தினேன்" என்றேன். லைன் போய்விட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்றேன். அப்புறம், "என்னை ஏம்மா எடுத்தே?" என்றாய். "எனக்கு வேற என்னம்மா வருது வீட்டுல இருந்து? எழுந்ததும் முதல்ல அந்த பேங்க் மெசேஜைத்தான் பாப்பேன். மருந்துக் கடை, காய்கறிக் கடைன்னு வரும். இன்னிக்கு அம்மா நடந்து போயிருக்கா, இன்னிக்கு அப்பா முடி வெட்டிக்கிட்டார்னு நெனச்சுப்பேன். ஒரு நாள் ஒண்ணும் வரலேன்னா நாள் முழுக்க ஒரு மாதிரி இருக்கும்" என்றாய். பின்னாலிருந்த ஆள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று என்னைத் தள்ளினார். நீ வைத்துவிட்டாய்.

வாண்டு, சத்தியமாக எனக்கு அது தெரியாது. உனக்கு அந்த ஓ.டி.பி. மட்டும்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் எந்தக் கடையில் அட்டையைத் தேய்த்தாலும் அதுவும் உனக்கு வந்து சேருகிறது என்று நீ சொல்லித்தான் தெரியும். முன்னால் ஒரு முறை, யாருமே சொல்லாமல், "அப்பாவுக்குக் காய்ச்சலா?" என்று திடீரென்று கேட்டாயே, நான் எப்படிப் பூரித்துப்போனேன் தெரியுமா, பெற்ற வயிற்றுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஏதோ ஓடுகிறது என்று மாடிவீட்டு அக்காவிடம்கூடப் பெருமையடித்துவிட்டு வந்தேன். பார்த்தால் நடுவில் ஓடினது மருந்துக் கடை மெசேஜ். அப்பாவுக்கு இதில் வேறு ஒரு கவலை. "அப்ப நான் பேக்கரிக்குப் போறதெல்லாம் அவளுக்குத் தெரியுமா?" என்று வெளிறிப்போனார். கேக் சாப்பிடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாய் அல்லவா, இனிமேல் சில்லறைதான் கொடுக்கப் போகிறாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் உன் அறைக் கதவைத் திறந்து உன் கட்டிலில் உட்கார்ந்தேன். நான்தான் உன் குரலுக்காகப் பில்லைப் பிரித்துப் பிரித்துக் கட்டுகிறேன், எனக்குத்தான் இந்த ஏக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் அங்கே எங்கள் சோப்பையும் ரொட்டியையும் பார்த்துக்கொண்டு கிடக்கிறாய் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷமா வருத்தமா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. உன்னை நான் எடுக்கவில்லை கண்ணே. உன் தூக்கத்தைக் காப்பாற்றத்தான் போனேன், போய் அந்தத் தூக்கத்தையே கெடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மறுபடி வங்கி, மறுபடி இஸ்திரி போட்ட சட்டை. கண்ணாடி அம்மாள் எங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "உங்க பொண்ணு ரொம்ப உஷார், கண் மூடித் திறக்கிறதுக்குள்ள தடுத்துட்டாங்க" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நிறுத்தின கணக்கைத் திறந்து கொடுத்தார். மறுபடி மாற்றுகிறீர்களா என்று கேட்டார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன், "இந்த ஓ.டி.பி. எனக்கு வரட்டும், நாங்க எங்க போனோம் என்ன வாங்கினோம்ங்கிற தகவல் மட்டும் அவளுக்குப் போகட்டும், அப்படிப் பண்ண முடியுமா?" என்று. அவர் உள்ளே எழுந்துபோய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, முடியும், தகவலுக்கென்று தனியாக இன்னொரு நம்பரை வைத்துக்கொள்ளலாம் என்றார். "இதை மொதல்லயே கேட்டிருந்தா ஒரு நடை மிச்சம்" என்றார் அப்பா. முதலில் எனக்குக் கேட்கத் தெரிந்திருந்தால்தானே. விண்ணப்பத்தை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு அந்த அம்மாளிடமே கொடுத்து வைத்திருக்கிறேன், உள்ளே அனுப்பச் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் இனி அதில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும், உன் ஓய்வு நாளில், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, சரி என்று ஒரு வார்த்தை சொல். வேண்டாம் என்றாலும் சொல், வேண்டாம் என்றால் உன் நம்பரே இருக்கட்டும், நான் பில்லையெல்லாம் நேரில் போய்க் கட்டிக்கொள்கிறேன். அதுவரைக்கும் அப்படித்தான் கட்டப் போகிறேன், ஓ.டி.பி. கேட்டு உன்னைக் கூப்பிடமாட்டேன். நேற்று மின்சார அலுவலக வரிசையில் நின்றோம், அப்பாவுக்கு ஏகக் குஷி, முன்னால் நின்றவரோடு அரசியல், பின்னால் நின்றவரோடு முழங்கால் வலி, எங்கள் முறை வந்த பிறகும் அவர் பேச்சை விட்டு வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஓ.டி.பி. எனக்கே வந்துவிட்டால் உன்னைக் கூப்பிட எனக்கு ஒரு சாக்கும் இருக்காது. அதை நினைத்துத்தான் வங்கியில் கையெழுத்துப் போடும்போது பேனா கொஞ்சம் நின்றது, அப்பா பார்த்துவிட்டார். அதனால் இனிமேல் ஒன்றுமில்லாமலே கூப்பிடப் போகிறேன். எதற்குக் கூப்பிட்டே என்று நீ கேட்டால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது, அதற்காக நீ "சரிம்மா வெக்கிறேன்" என்றுவிடக்கூடாது. எனக்கும் பேசிப் பழக்கமில்லை, கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல்கூட இருக்கலாம், கடிகாரம் ஒன்றும் ஓடாது. உன் மேலதிகாரி என்ன சொன்னார், அங்கே மழையா வெயிலா, முழங்கை வறண்டு போய்ச் சொறிகிறாயா, எதை வேண்டுமானாலும் சொல். டிப்போவில் உட்கார வைத்த மாதிரி விஷயத்தை இனி ஒளிக்காதே, எனக்கு அடுத்தவர் வாயால் கேட்பது பிடிக்கவில்லை. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது வாண்டு. ரொம்ப நாளாகவே அப்படித்தான் இருக்கிறது, நான்தான் நம்பர் கேட்கிற அவசரத்தில் சொல்லவில்லை.

நீ ஓட்டுகிற வண்டியெல்லாம் தடம் மாறாமல் போய்ச் சேரட்டும், ஏறினவர்கள் எல்லோரும் பத்திரமாக இறங்கட்டும், நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இரு. அப்பாவும் உன் தலையில் கை வைத்து வாழ்த்தியதாக எழுதச் சொன்னார். மறக்காமல் இன்றைக்கே போனைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து அறையின் அந்தப் பக்கத்து மேசையில் வை, சத்தத்தை அணைத்து வை, எங்கள் செய்தி எங்கேயும் ஓடிவிடாது, எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். சோப்பு வாங்கினோம், ரொட்டி வாங்கினோம் என்று அது பாட்டுக்கு வந்து கிடக்கட்டும். எனக்கு ஒரே ஒரு செய்தி உன் போனுக்கு வந்து சேர்ந்தால் போதும். விமான நிலையத்திலிருந்து நம் வீட்டு வாசலில் டாக்சி வந்து நிற்கிறது, முன்சீட்டில் அப்பா, பின்னால் நீயும் நானும், நான் என் அட்டையை எடுத்துத் தேய்க்கிறேன், உடனே உன் மடியில் கிடக்கிற போன் அடிக்கிறது. யாருடி அது என்று நான் கேட்பேன். "நீதாம்மா" என்று நீ சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா